அனுப்பிரியாவுக்கு வந்த வரனும் எங்களுக்கு வந்த காரும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் என் வீட்டுக்காரர்தான். போன தைப்பூசத்தன்று மஞ்சக்குப்பம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்கும் சொன்னார். "இன்டர்நெட்டுல ஒரு மோசடி. ஒரே பார்வையில கண்டுபுடிச்சேன், தெரியுமா?" என்று ஆரம்பித்தார். நானும் "அப்படியா!" என்று கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டேன். அந்தக் கதையில் நானும் இருந்தேன் என்பதை எப்படியோ மறந்துவிட்டார். பாவம், வயசாகிறது.

நடந்தது இதுதான்.

தெருவில் எல்லாருக்கும் அவர் ராஜமாணிக்கம் சார். பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதில் அவரை அடித்துக்கொள்ள இந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. ஒரு வீட்டுக்குப் பெரிய பெண்ணுக்காகப் போனவர் வாசலோடு திரும்பிவிட்டார். "நாய் கட்டியிருக்காங்க. நம்மளப் பாத்து அது குரைக்கல. தினம் கடன்காரங்க வந்து வந்து அதுக்கே பழகிப் போச்சு" என்றார். அக்கம்பக்கத்தில் கேட்டால் அப்படியேதான் இருந்தது.

அப்பேர்ப்பட்டவர், போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்குள் வந்து நின்றார்.

"இனிமே நீ பஸ்ஸுல ஏறக் கூடாது."

"ஏங்க, நான் என்னா பண்ணேன்?"

"கார் வருது!"

ஏதோ பரிசுப் போட்டியாம். போனில் தானாக வந்ததாம். தமிழ்நாட்டின் தலைநகரம் எது என்று கேட்டார்களாம்.

"சென்னைன்னு அடிச்சேன். கரெக்டுன்னுட்டான். லட்சம் பேருல நான் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கேன்."

"மத்தவங்கல்லாம் எந்த ஊருன்னு போட்டாங்களாம்?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது. அந்தக் கம்பெனித் தம்பி போன் பண்ணி, 'அப்பா, உங்க கார் ரெடியா நிக்குது'ன்னான். நம்ம மாப்பிள்ளைங்க மூணு பேருல ஒருத்தராவது வாய் நெறைய அப்பான்னு கூப்புட்டிருக்காங்களா?"

தம்பியின் நம்பரைப் பாசமாகப் போனில் ஏற்றியும் வைத்துக்கொண்டார்.

அவர் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் கடைசிப் பெண் காயத்ரியைச் சிதம்பரத்தில் கொடுத்திருக்கிறோம். அதற்கு அடுத்த வாரம் அவளுக்கு வளைகாப்பு. என் முழங்காலுக்கும் பஸ் படிக்கட்டுக்கும் ஆகாது. சீர்த் தட்டுகளோடு என்னைச் சம்பந்தி வீட்டு வாசலில் காரில் இறக்க வேண்டும் என்பது அவர் கனவு. ஆனால் பதிவுக் கட்டணம் என்று ஒன்று கட்ட வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் பேங்க் கார்டு நம்பரைப் போட வேண்டுமாம். அந்தக் கார்டுக்குள் இருந்தது வளைகாப்புப் பணம் மொத்தமும்.

"கார்டுல எழுத்து பொடியா இருக்கு. என் கண்ணாடி எங்க?"

கண்ணாடி அப்போது பூஜை அலமாரியில், பிள்ளையாருக்குப் பின்னால் இருந்தது. நான்தான் வைத்தேன்.

எனக்குச் சண்டை போட வராது. படிப்பும் ஏழாம் கிளாஸோடு சரி. வேண்டாம் என்று சொன்னால் அவர் இன்னும் வேகமாகச் செய்வார். பாடலீஸ்வரர் படத்துக்கு முன்னால் நின்று, "சாமி, இன்னிக்கு ஒரு பொய் சொல்லப் போறேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பாத்துக்கோ" என்று வேண்டிக்கொண்டு வந்தேன்.

"என்னங்க, கண்ணாடி தேடறேன். அதுக்குள்ள ஒரு சங்கதி. அண்ணாகிராமத்துல எங்க இருசம்மாள் அக்கா பொண்ணு அனுப்பிரியாவுக்கு ஒரு வரன் வந்திருக்காம். உங்களக் கேக்காம செய்ய மாட்டாங்க."

அவ்வளவுதான். கார் மறந்துவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு மூலமா வந்துச்சி?"

"யாரு மூலமாவும் இல்ல. அவுங்களே தேடி வந்தாங்களாம்."

"கேக்காமலே வந்தாங்களா? ம்... எந்த ஊரு?"

"அதச் சொல்லல. போன் நம்பர் மட்டும் இருக்கு."

"ஊரு இல்லாம ஒரு குடும்பமா? பையன் எப்படி?"

"போட்டோவுல ரொம்ப அழகுங்க. பளபளன்னு இருக்கான்."

"நேர்ல?"

"நேர்ல யாரும் பாக்கல."

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்தக் குடும்பத்துல ஏற்கெனவே பொண்ணு குடுத்தவங்க இருப்பாங்கல்ல? அவுங்கள விசாரிச்சாங்களா?"

"நாலு பேரு போட்டோ காட்டினாங்களாம். எல்லாரும் சிரிச்சிக்கிட்டே இருக்காங்க. பேரும் ஊரும்தான் இல்ல."

"அடப்பாவமே!"

"பொண்ணுக்குக் காரு அவுங்களே தர்றாங்களாம். ஆனா அதுக்கு முன்னாடி இவுங்க கொஞ்சம் பணம் கட்டணுமாம்."

"அட, குடுக்கறவன் எதுக்குடி கேக்கறான்?"

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சரின்னு சொல்லணுமாம். இல்லன்னா வேற எடத்துக்குப் போயிடுவாங்களாம்."

எழுந்தே விட்டார். "போகட்டும்! அவசரப்படுத்தறவன் வீட்டுல பொண்ணு குடுக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? இது திருட்டுக் கூட்டம். அனுப்பிரியா நம்ம பொண்ணு மாதிரி. ஏமாந்து நின்னா யாரு பதில் சொல்றது? நம்பரக் குடு. நானே நாலு வார்த்த கேக்கறேன்."

"கண்ணாடி கெடச்சிடுச்சிங்க" என்று கொண்டுவந்து கொடுத்தேன்.

காலையிலேயே அவர் போனைப் பார்த்து நம்பரைக் காலண்டர் ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன். நான் மெதுவாகப் படிக்கப் படிக்க, அவர் ஒவ்வொரு எண்ணாகக் கோபத்தோடு குத்தினார். கடைசி எண்ணைக் குத்தியதும் போனில் ஒரு பெயர் வந்தது.

'கார் தம்பி.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். தம்பி அங்கேயேதான் இருந்தான்.

நான் பூஜை விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போவதுபோல் நகர்ந்தேன்.

"இந்தாடி."

"என்னங்க?"

"கண்ணாடிய எங்கேருந்து எடுத்த?"

"புள்ளையாருக்குப் பின்னாலேருந்து."

"அங்கேயே வச்சிடு."

வளைகாப்புக்குப் பஸ்ஸில்தான் போனோம். ஏறும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷமாக யாரோ போல முன்னால் ஏறிப் போகிறவர். சிதம்பரம் கீழ வீதியில் காயத்ரிக்கு வளையலை அவரே பார்த்துப் பார்த்து வாங்கினார். வயிற்றில் குழந்தை தலை திரும்பி நல்லபடியாக இருக்கிறது என்று அன்றைக்குச் சொன்னாள். தில்லைக் கூத்தன் புண்ணியம்.

இப்போது தெருவே அவரிடம் வருகிறது. பக்கத்து வீட்டு மலிகா, "மாமா, இந்தப் போட்டி நல்லதான்னு பாத்துச் சொல்லுங்க" என்று போனை நீட்டுவாள். அவரும் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கிற மாதிரியே விசாரிப்பார். எந்த ஊர், யார் பொறுப்பு, முன்னால் பரிசு வாங்கினவர் எங்கே, முதலில் பணம் கேட்கிறானா, அவசரப்படுத்துகிறானா? முக்கால்வாசியும் வாசலோடு திரும்பிவிடும். போன வாரம் ஒன்று மட்டும் தேறியது. முழு விலாசம் இருந்தது. விதிமுறை இருந்தது. பணம் கேட்கவில்லை. போன தடவை ஜெயித்த அம்மா சிதம்பரம் பக்கம் கிள்ளையில் இருக்கிறார் என்று போட்டிருந்தது. விடுவாரா? நேரிலேயே போய், பரிசாக வந்த மிக்ஸியில் அரைத்த சட்னியைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தார். "நாய் இருக்கு. நல்லாக் குரைக்குது" என்றார். அன்றைக்கே என் பெயரைப் போட்டிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. எனக்கென்னவோ வரும் என்றுதான் தோன்றுகிறது. பழைய மிக்ஸிக்குச் சத்தம் ஜாஸ்தி.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மஞ்சக்குப்பம் பக்கம் வந்தால் இந்தக் கதையை அவர் உங்களுக்கும் சொல்லுவார். முதல் தடவையாகக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்ளுங்கள்.