ரூபியை ஒன்பதாம் வகுப்பில் இருத்திய விசயம்

சிவமயம்

அக்கராயன்,
18.06.2000

என்றும் அன்புக்குரிய மைத்துனர் ஜனார்த்தனன் அவர்கட்கு, அத்தான் யோகலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உமது அக்கா ஞானேஸ்வரியும் மலேரியா விட்டுவைத்த அளவுக்குச் சுகம். அங்கு நீரும் மனைவி அருந்ததியும் எங்கள் மகள் சிவரூபியும் பனியில் நனையாமல் சுகமாக இருக்க அக்கராயன் பிள்ளையார் துணை நிற்பாராக.

நிற்க, உமது முதல் கடிதம் கிடைத்தபோது எனக்கு வந்த அதிர்ச்சியே இன்னும் தீரவில்லை, அதற்குள் இரண்டாவது கடிதமும் வந்து என்னைப் படுக்கையில் போட்டுவிட்டது. பதினேழு வயது நடக்கிற பிள்ளையை, பதினோராம் வகுப்பில் இருக்கவேண்டிய பிள்ளையை, கனடாக்காரர் ஒன்பதாம் வகுப்பில் கொண்டுபோய் இருத்தினார்களாம். ஏனென்று கேட்டால், இடம்பெயர்ந்த காலத்தில் வீட்டில் படித்த படிப்பு கணக்கில் வராதாம். எட எங்கட அப்பனே! வீட்டில் படிப்பித்தது ஆர்? சங்கக்கடை மனேச்சராக இருந்த நான். கணக்கிலே என்னை வெல்ல கிளிநொச்சியில் ஆள் இருந்ததா? ஞானேஸ்வரி நான் வாசித்த முதல் கடிதத்தைக் கேட்டுவிட்டு, அடுப்பில் இருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு வந்து, “இஞ்சேருங்கோ, பிள்ளைய இறக்கிப்போட்டாங்களோ?” என்று தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டா. சோறு கரிந்து போயிற்று.

வீட்டுப் படிப்பு கணக்கில் வரவேண்டுமானால் அவர்கள் கேட்கிற கேள்விகளை எழுதி அனுப்பியிருந்தீர். அதைக் கண்டுதான் நான் மேலும் அதிர்ந்து போனேன். ஒவ்வொரு பாடத்துக்கும் பிள்ளை எத்தனை மணித்தியாலம் கதிரை மேசையில் இருந்து படித்தாள் என்று கேட்டிருக்கிறார்கள். கிளிநொச்சியை விட்டு ஓடும்போது கதிரையை ஆர் தூக்கினது? நாங்கள் தூக்கினது அரிசியும் அம்மியும். பிள்ளை படித்ததெல்லாம் சாக்கில் இருந்து, மர வேரில் இருந்து, பிளேன் குண்டு போட வந்தால் பங்கர்க் குழிக்குள் குந்தியிருந்து. குந்தியிருந்து படித்த நேரத்தைச் சேர்ப்பார்களா மாட்டார்களா என்று கேட்டு எழுதும். ஆய்வுகூடம் இருந்ததா என்று ஒரு கேள்வி. மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் உமது அக்கா சிரட்டையையும் எண்ணெயையும் வைத்து விளக்குச் செய்தது ஆய்வுகூடம் இல்லாமல் வேறென்ன? உடற்பயிற்சி கொடுக்கப்பட்டதா என்று இன்னொன்று. அட கோதாரி! வட்டக்கச்சியிலிருந்து ஸ்கந்தபுரத்துக்கு, பானை சட்டியைத் தலையிலும் ஆட்டுக்குட்டியைக் கையிலும் வைத்துக்கொண்டு மழைக்குள் நடந்தவளிடம் உடற்பயிற்சி கேட்கிறார்கள். அவர்கள் படிப்பிக்கிற பொடியன்களில் ஒருவனை ஒரு நாளைக்கு இங்கே அனுப்பச் சொல்லும். ஆட்டுக்குட்டியை நான் கொடுக்கிறேன்.

சாதாரணதரச் சோதினைச் சான்றிதழ் எங்கே என்றும் கேட்டிருக்கிறார்கள். சோதினை நடந்த கிழமை பிள்ளை மலேரியாவில் நடுங்கிக்கொண்டு கிடந்தது உமக்கே தெரியும்.

சரி, காகிதம்தானே கேட்கிறான், எடுத்துக் கொடுப்போம் என்று எங்கள் கிராமசேவகர் விதானையாரிடம் போனேன். வன்னியில் பிறந்தவனுக்கு விதானையாரின் கடிதம் இல்லாமல் சாகவும் முடியாது என்பது நீர் அறிந்ததுதானே. அவர் எல்லாவற்றையும் ஆறுதலாகக் கேட்டுவிட்டு, “அண்ணை, ஆள் இஞ்ச வதியிறா எண்டுதான் நான் கடிதம் குடுக்கலாம். படிச்சவா எண்டு குடுக்க எனக்கு அதிகாரம் இல்லை” என்றார். நான், “அப்ப வதியிறா எண்டாவது தாருங்கோ, அதைவைச்சுச் சமாளிப்பம்” என்றேன். “அவா இப்ப கனடாவில எல்லோ? அங்க வதியிற ஆளை நான் எப்பிடி அண்ணை இஞ்ச வதிய வைக்கிறது?” என்றார். நியாயமான மனிசன். நியாயமான மனிசரோடு வாழ்வதே பெரிய கரைச்சல்.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சமாதான நீதவான் சின்னராசாவின் ஞாபகம் வந்தது. இடம்பெயர்ந்த நேரம் பெண்சாதி பிள்ளைகளை முன்னால் நடக்கவிட்டு, தட்டெழுத்து மெசினைத் தோளில் சுமந்துகொண்டு வந்த மனிசன் அவர். அவரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். “கனடாவுக்குப் போன பொம்பிளைப் பிள்ளைக்கு ஒரு கடிதம். அவ்வளவுதானே? நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ” என்று சொல்லி, வெற்றிலையை ஒருபக்கக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு, படபடவென்று இங்கிலீசில் அடித்தார். முத்திரையும் குத்தினார். அடித்த வேகத்தைப் பார்த்து நானும் உமது அக்காவும் பெருமைப்பட்டோம். எனக்கு இங்கிலீசு தெரியாது என்றில்லை. மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் உடைந்திருந்ததாலும், வவுனியாவுக்குப் போய்வரப் பாஸ் கிடைத்த பக்கத்து வீட்டு ராசு கடிதத்தைக் கொண்டுபோகச் சைக்கிளோடு வாசலில் நின்று மணி அடித்துக்கொண்டிருந்ததாலும், வாசித்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

அந்தக் கடிதம் உங்கள் பக்கம் செய்த வேலையைத்தான் நீர் இரண்டாவது கடிதத்தில் எழுதியிருந்தீர். சிவரூபி திருமணமாகாதவள் என்றும், நல்ல குடும்பத்துப் பிள்ளை என்றும், அடக்கமானவள், நோய்நொடி இல்லாதவள், சமையலும் தையலும் தெரிந்தவள் என்றும், தகப்பன் அக்கராயனில் குளத்துக்குக் கீழே வயற்காணி கொடுக்கச் சம்மதம் என்றும், இவளை மனமுவந்து ஏற்றுக்கொள்ளும்படி கனடாப் பள்ளிக்கூடத்து அதிபரைச் சின்னராசா கேட்டுக்கொண்டிருக்கிறார். ஐயோ கடவுளே! அந்த வெள்ளைக்கார மனிசன் என்ன நினைத்திருப்பான்? பிள்ளைகள் பாதுகாப்புப் பகுதியிலிருந்து உமது வீட்டுக்கு இரண்டு உத்தியோகப் பெண்கள் வந்து, சின்னப் பிள்ளையைக் கட்டிக்கொடுக்கப் போகிறீர்களா, மாப்பிள்ளை எங்கே என்று கேட்டு, கீழறையில் வாடகைக்கு இருந்த வினோதனைப் பிடித்து விசாரித்து, அந்தப் பாவி பயந்துபோய் அன்றைக்கே வீடு மாறிவிட்டானாம். அவனுடைய தாய் தகப்பனுக்கு நான் என்ன முகத்தோடு பதில் சொல்வது?

நான் அந்தக் கையோடு சின்னராசாவிடம் ஓடினேன். “என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்? நான் படிப்புக்கு எல்லோ கேட்டனான்!” என்று கத்தினேன். மனிசன் கொஞ்சமும் அசையவில்லை. “யோகண்ணை, வெளிநாடு போற எத்தினை பொம்பிளைப் பிள்ளையளுக்கு நான் கடிதம் அடிச்சுக் குடுத்தனான்? எல்லாத்துக்கும் இதேதான் அடிச்சனான். எல்லாம் சரிவந்தது, எல்லாரும் சந்தோசமா இருக்கினம். இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொல்லேல்லை” என்றார். பிறகு மனவருத்தத்தோடு, “படிப்பு எண்டு நீங்கள் சொன்னதை நான் மறக்கேல்லை. கடைசி வரியில படிச்ச பிள்ளை எண்டு போட்டிருக்கிறன், வடிவாப் பாருங்கோ” என்றார். அவர் எடுத்து நீட்டிய கார்பன் பிரதியில் பார்த்தேன். உண்மைதான், போட்டிருந்தார்.

ஆனபடியால் ஜனார்த்தனன், இனி ஒருவரையும் நம்பாமல் நானே தமிழில் எழுதுகிறேன். நீர் வேலைக்குப் போகாமல் ஒருநாள் நின்று, இதை அந்த அதிபருக்கு இங்கிலீசில் சொல்ல வேணும். என் மகள் படித்தவள். மண்ணிலே எழுதி, அழித்து, திரும்ப எழுதிக் கணக்குப் படித்தவள். ஷெல் விழுகிற சத்தம் கேட்டால், “அப்பா, இந்தக் கணக்கை முடிச்சிட்டு ஓடுவம்” என்று சொன்னவள். நான் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு பங்கருக்குள் போனேன். அப்போது பயத்தில் அடித்தும் இருக்கிறேன். அவள் பட்ட பாடு ஒன்றும் வீணாகவில்லை என்று யாராவது ஒரு படித்த மனிசன் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேணும். அதுக்காகத்தான் நான் இவ்வளவு அலைகிறேன். அவளைப் பதினோராம் வகுப்பில் இருத்தும்வரை நீர் அந்த அதிபரின் வாசலை விட்டு விலகக்கூடாது. இது நான் உமது அக்காவைக் கட்டின உரிமையில் சொல்வது.

அருந்ததிக்கு எங்கள் அன்பு. வினோதனைக் கண்டால் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லும். எல்லோரும் நோய்நொடி இன்றி, நல்ல வேலையும் வெயிலும் கிடைத்து வாழப் பிள்ளையாரை வேண்டி,

இப்படிக்கு,
அன்பு அத்தான்,
மு. யோகலிங்கம்

பி.கு.: இதை ஒட்டமுதல் ராசு வவுனியாவிலிருந்து ரூபியின் கடிதத்தோடு வந்து நிற்கிறான். மச்சான், எனக்குக் கதிரை வேணும் போலிருக்கிறது. கடிதம் ஒன்றும் இல்லாவிட்டாலும், ஒரு சோதினை எழுதினால் மேல்வகுப்புக்கு விடுவோம் என்று அவர்கள் பிள்ளையைக் கேட்டிருக்கிறார்கள். அவள் உமக்குத் தெரியாமல் போய் இருந்து, வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வந்தாளாம். அவள் எழுதினதை அப்படியே எழுதுகிறேன்: “எல்லாம் நீங்கள் சொல்லித்தந்த கணக்குத்தான் அப்பா. பார்த்த உடன விடை தெரிஞ்சது. வேணுமெண்டுதான் எழுதாமல் விட்டனான். பதின்மூண்டு வயசுக்குப் பிறகு நான் ஒரு வகுப்பிலயும் ஒரு வருசம் முழுக்க இருக்கேல்லை. இஞ்ச இடைவேளைக்கு எல்லாரும் விளையாடுகினம். பிளேன் போனால் ஒருத்தரும் நிமிர்ந்தும் பாக்கினம் இல்லை. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் சின்னப்பிள்ளையா இருக்கவேணும் போல கிடக்கு. கோவிக்காதேங்கோ அப்பா.”

உமது அக்கா வாசித்துவிட்டு அழுதா, பிறகு சிரித்தா, இப்போது இரண்டையும் சேர்த்துச் செய்கிறா. எனக்குக் கோபந்தான். வெறுந்தாள் கொடுக்க என்ன துணிவு! ஆனால் அதிபரிடம் போகவேண்டாம். மேலே எழுதினதை எல்லாம் கிழித்து எறிந்துவிடும். அவள் அந்த ஒன்பதாம் வகுப்பிலேயே இருக்கட்டும். பெற்றோர் கூட்டம் வைத்தால் நீர் லீவு போட்டுப் போம். இவ்வளவு பெரிய பிள்ளை ஏன் இந்தச் சின்ன வகுப்பில் என்று யாராவது கேட்டால், வாற வழியில் கொஞ்சம் பிந்திப்போச்சு என்று சொல்லும்.