உருள்நாட்டின் முதல் ஆட்டம்

உருள்நாடு என்றொரு நாடு இருந்தது. அதை வரைபடத்தில் தேட வேண்டாம். தேடினால் அவரவர் ஊரில் போய் விரல் நிற்கும், வீண் மனத்தாங்கல்.

அந்த நாட்டுக்கு ஓர் ஆறுதான் சொத்து. ஆறோ மேலே இருந்த மேட்டுநாட்டிலிருந்து இறங்கி வந்தது. மதகின் சாவியும் மேட்டுநாட்டாரின் இடுப்பில்தான். தண்ணீருக்காக வெட்டிக்கொண்டு செத்தது போதும் என்று இரு நாட்டுப் பழைய அரசர்களும் ஒரு காலத்தில் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். சாகுபடிக் காலத்தில் மாதம் ஒரு கால்பந்து ஆட்டம். உருள்நாடு வென்றால் அந்த மாதத்து முறைத்தண்ணீர் வரும். தோற்றால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். பைத்தியக்கார ஏற்பாடு என்று தோன்றும். ஆனால் அதற்குப் பிறகு யாரும் யாரையும் வெட்டவில்லை.

உருள்நாட்டு அணிக்கு வெகுகாலமாக ஆதன் என்பவர்தான் பயிற்சியாளர். அதிகம் பேசமாட்டார். ஒரே ஆட்களை ஒரே இடத்தில் நிறுத்திச் சலிக்கும்வரை ஆடவைப்பார், அவ்வளவுதான். அந்த அணியில் கோல்காவலன் வேம்பன் தொண்டையைக் கனைத்தால், முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரன் சேந்தன் திரும்பிப் பார்க்காமலே இடப்பக்கம் நகர்வான். இரண்டு முறை கனைத்தால் வலப்பக்கம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, பழகப் பழக வந்தது.

வேம்பன் கடைமடைக்காரன். வாய்க்கால் முடியும் இடத்தில் அவனுக்குக் கொஞ்சம் நிலம். தண்ணீர் மற்ற ஊர்களையெல்லாம் குளிப்பாட்டிவிட்டு மிச்சமிருந்தால்தான் அவன் வயலுக்கு வரும். ஆகவே அவனைத் தாண்டி வலைக்குள் போகும் ஒவ்வொரு பந்தும் அவன் பயிர்மேல்தான் போய் விழுந்தது.

ஆதனின் அணி வெல்லும், சில சமயம் தோற்கும். ஒரு பருவத்தில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்றது. அரசர் அடலேறு பொறுமைக்குப் பெயர்போனவர் அல்லர். ஆதனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதியவர் ஒருவரை நியமித்தார். அடுத்த ஆட்டத்தில் உருள்நாடு வென்றது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. புது ஆளின் கண்ணில் பட வேண்டுமென்று எல்லோரும் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்று சும்மாவா சொன்னார்கள்? அதற்கடுத்த ஆட்டத்தில் பழையபடி தோற்றார்கள்.

தலைமை அமைச்சர் நாவேந்தர் சபையில் எழுந்தார். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் கேட்பவர் தலை நரைத்துவிடும் என்று பெயரெடுத்தவர், அன்று சுருக்கமாகவே பேசினார்.

"மாமன்னா, ஆராய்ந்து கண்ட உண்மை இது. புதிய பயிற்சியாளரின் முதல் ஆட்டத்தில் நாம் வெல்கிறோம். ஆகவே எல்லா ஆட்டங்களையும் முதல் ஆட்டமாக்கிவிட்டால் இந்நாட்டுக்குத் தோல்வி என்பதே கிடையாது."

சபை கைதட்டியது. ஒருவராவது சிரித்திருப்பார் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆட்டத்துக்கு ஒரு பயிற்சியாளர் என்று சட்டம் வந்தது. வந்தவர் ஒவ்வொருவரும் முதல் வேலையாக முன்னவர் செய்ததைக் கலைத்தார். ஒருவர் சேந்தனை முன்வரிசைக்குத் துரத்தினார். இன்னொருவர் தன் மைத்துனனைக் கொண்டுவந்து நட்டநடுவில் நிறுத்தினார். வேம்பனிடம் இடக்காலை முன்வைத்து நில் என்றார் ஒருவர். அது ராஜதுரோகம் என்றார் அடுத்தவர். அவருக்கு அடுத்தவர், ஆட்டக்காரர்கள் மைதானத்தில் கனைப்பது ஒழுங்கீனம் என்று தடைபோட்டார். பந்து வரும் நேரத்தில், யாருடைய ஆணை இன்னும் செல்லும், எந்தக் காலை முன்வைப்பது என்று வேம்பன் யோசித்துக்கொண்டிருப்பான். பந்து இரண்டு காலுக்கும் நடுவே நுழைந்து போய்விடும். யானையையே மறிப்பான் என்று பேரெடுத்தவனால் இப்போது கோழிக்குஞ்சைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

மற்றவர்கள் மரத்தடியில் படுத்துவிட்டார்கள். இவரும் அடுத்த ஆட்டத்துக்கு இருக்கப்போவதில்லை, எதற்குப் பயிற்சி என்றார்கள். புதுமுகத்தைக் கண்டால் ஓடிய கால்களும் ஓய்ந்தன. தினம் திருவிழா என்றால் யார்தான் தேர் இழுப்பார்கள்?

மருந்து வேலை செய்யவில்லை என்றால் அளவு போதவில்லை என்று பொருள், என்றார் நாவேந்தர். இடைவேளையிலும் பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. பிறகு, எதிரணி ஒரு கோல் போட்டாலும் மாற்ற வேண்டும் என்று திருத்தப்பட்டது. மைதானத்து வாசலில் புதுப் பயிற்சியாளர்கள் கழுத்தில் மாலையோடு வரிசையில் நின்றார்கள்.

நீக்கப்பட்டவர்களை என்ன செய்வது? நியமித்தவர் அரசரல்லவா, அவர்களைத் தெருவில் விட்டால் அரச கௌரவம் என்ன ஆவது? எனவே ஒவ்வொருவருக்கும் 'முன்னாள் பயிற்சியாளர்' என்ற பட்டமும் ஒரு வீட்டுமனையும் வழங்கினார்கள். நாட்டில் காலியாகக் கிடந்த இடம், தோற்றுத் தோற்று வறண்டுபோன பெரிய ஏரி. ஆற்றுத் தண்ணீர் அந்த ஏரியில் தேங்கித்தான் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து கடைமடை வரை போக வேண்டும். அதன் வயிற்றில் மாடி வீடுகள் எழும்பின. ஊரார் பதறிப்போய் நாவேந்தரிடம் ஓடினார்கள். தண்ணீரே இல்லாத இடத்தை ஏரி என்பது அந்த இடத்தின்மேல் வீண்பழி சுமத்துவதாகும் என்று அவர் பொறுமையாக விளக்கி அனுப்பினார்.

இப்படியே சில பருவங்கள் கழிந்து, ஒரு பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தபோது வேம்பனின் வயலில் நெல் கதிரை உள்ளே வைத்துப் பொதிகட்டி நின்றது. கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றி, அவன் மனைவி மருதி அதை அந்த மட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். ஒரு முறைத்தண்ணீர் வந்தால் கதிர் வெளிவரும். வராவிட்டால் வைக்கோல்தான்.

அவன் கிளம்பும்போது மருதி வாசல்வரை வந்தாள். "அவரு சொன்னாரு, இவரு சொன்னாருன்னு யோசிச்சுக்கிட்டு நிக்காத மாமா. பந்து வந்தா புடி. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. இனிமே என்னால தண்ணி செமக்க முடியாது."

ஆட்டம் தொடங்கியதும் ஒரு கோல் விழுந்தது. பயிற்சியாளர் மாறினார். இன்னொன்று விழுந்தது, மறுபடி மாறினார். இடைவேளைக்கு இன்னொருவர் போனார். அதோடு வாசலில் நின்ற வரிசை தீர்ந்துவிட்டது. அடுத்து நியமிக்கப்பட்டவர் எங்கோ தொலைவில் மாட்டுவண்டியில் வந்துகொண்டிருந்தார்.

ஆக, வெகுகாலத்துக்குப் பிறகு உருள்நாட்டு அணிக்கு ஆணையிட மைதானத்தில் ஆள் இல்லை. சேந்தன் சுற்றுமுற்றும் பார்த்தான். யாரையும் கேட்காமல் தன் பழைய இடத்துக்கு வந்து நின்றான். மேட்டுநாட்டான் ஒருவன் பந்தோடு பாய்ந்து வந்தான். வேம்பன் தன்னையறியாமல் தொண்டையைக் கனைத்தான். சேந்தன் இடப்பக்கம் நகர்ந்தான். பந்துக்கு இருந்த வழி ஒன்றுதான், அங்கே வேம்பனின் கை இருந்தது. எந்தக் கால் முன்னால் இருந்தது என்று அவனுக்கே தெரியாது. அப்புறம், இத்தனை நாள் மரத்தடியில் படுத்திருந்தவர்களெல்லாம் ஆட்டக்காரர்கள் என்பது எல்லோருக்கும் நினைவு வந்தது. உருள்நாடு மூன்று கோல் போட்டு வென்றது.

வண்டியில் வந்துகொண்டிருந்தவரின் தொலைநோக்கு வியூகமே வெற்றிக்குக் காரணம் என்று அரசவை அறிவித்தது. அவர் வந்து இறங்கியதும் மாலை போட்டார்கள். சட்டப்படி அப்போதே நீக்கி, ஏரியில் மனையும் கொடுத்தார்கள்.

மேட்டுநாட்டார் சொன்ன சொல் தவறாமல் மதகைத் திறந்தார்கள். கடைமடையில் மருதி வயலின் வாய்மடையைத் திறந்துவிட்டு, மண்வெட்டியோடு வரப்பில் நின்றாள். தண்ணீர் பெரிய ஏரிக்குள் நுழைந்து, முன்னாள் பயிற்சியாளர்களின் வாசற்படியைத் தொட்டது.

நாவேந்தர் சபையில் குரலெழுப்பினார். "பெருமக்களின் இல்லங்களை நோக்கி அந்நிய நாட்டுத் தண்ணீர் படையெடுத்து வருகிறது. இதை இன்றே முறியடிக்க வேண்டும்."

முறியடித்தார்கள். கரையை வெட்டி, வந்த தண்ணீர் முழுவதையும் கடலுக்குத் திருப்பிவிட்டார்கள். தோற்றுத் தண்ணீர் இழந்த நாடுகளைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஜெயித்த தண்ணீரைக் கடலில் கொட்டிய நாட்டை அதற்கு முன் கேட்டதில்லை. மருதி இருட்டும்வரை வரப்பிலேயே நின்றாள். நெல் நின்ற நிலையிலேயே காய்ந்தது.

ஜனங்கள் அதற்குமேல் பொறுக்கவில்லை. அரசரை மாற்றுகிற உரிமை ஒன்று அவர்களுக்கு இருந்தது. குடத்தில் ஓலை போட்டு எடுப்பார்கள். போட்டார்கள். அடலேறு போய், பெருநற்கோ என்பவர் அரசரானார். அடலேறுக்கு 'முன்னாள் மன்னர்' என்ற பட்டமும், ஏரியில் ஆழமான இடமாகப் பார்த்து ஒரு மாளிகையும் கிடைத்தன. நாவேந்தரை மட்டும் யாரும் மாற்றவில்லை. அனுபவஸ்தர் வேண்டுமே.

புது அரசர் பதவியேற்ற கையோடு வெறுங்காலில் கடைமடைக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கித் தாமே தூர்வாரினார். சேறு பூசிய அரசரைப் பார்த்துச் சனம் அழுதது. வாய்க்காலில் அங்கங்கே தேங்கியிருந்த மழைத்தண்ணீர் ஒன்றுசேர்ந்து, அடுத்த பருவத்துக்கு மருதி விட்டிருந்த நாற்றங்காலுக்குக் கணுக்கால் அளவு வந்தது. வேம்பனுக்கும் கண் கலங்கிவிட்டது.

"என்னமா ஓடியாடி வேல செய்யுறாரு பாத்தியா?" என்றான்.

மருதி புது அரசரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவருக்குப் பின்னால் குடைபிடித்து நின்ற நாவேந்தரையும் பார்த்தாள்.

"மொத ஆட்டம்ல?" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்க் குடத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.