வெறுமையாக விட்ட கட்டம்

ஊர்காவற்றுறை,
ஆவணி 2004.

என் அன்புத் தம்பி பிலிப்புக்கு,

ஆண்டவர் துணையால் நானும் மகன் மிரோஜனும் சுகம். உன் அண்ணி ஞானசவுந்தரியும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். என்னோடு கதைப்பதில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கனடாவில் நீங்கள் எல்லோரும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

நீ அனுப்பிய பழங்காலத்துக் கம்பியூட்டர்கள் மூன்றும் உடையாமல் வந்து சேர்ந்து, கோவில் மண்டபத்தில் புரோகிராம் எழுதும் போட்டியும் நடந்து முடிந்தது. இந்தப் பழைய பெட்டிகளில் எழுதுகிறவனின் மூளைதான் தெரியும், மெசினின் பலம் தெரியாது, ஆகவே எல்லாருக்கும் ஒரே நியாயம் என்று எழுதியிருந்தாய். அந்த நியாயத்தைக் காப்பாற்றத்தான், தம்பி, நான் பட்ட பாடெல்லாம். நானும் ஓய்வுபெற்ற சறோஜினிதேவி ரீச்சரும் நடுவர்கள். முதலாவதாக வருகிற பிள்ளையைக் கனடாவிலுள்ள உங்கள் ஊர்ச் சங்கம் கொழும்பில் படிப்பிக்கும் என்றதும் மிரோஜனும் பெயர் கொடுத்துவிட்டான். அப்பன் நடுவர், மகன் போட்டியில் என்று சந்தையில் கதை தொடங்க முன்னமே நான் ஒரு முடிவெடுத்தேன்: அவன் முறை வரும்போது எழும்பி வெளியே போய்விடுவது, அவனுக்குப் புள்ளி போடாமல் புள்ளித்தாளில் என் கட்டத்தை வெறுமையாக விடுவது. அப்படியே செய்தேன். உள்ளே கை தட்டினது கேட்டது; நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மனிதர் கூட்டினால் பக்கம் சாய்வார்கள் என்ற பயத்தில், புள்ளிகளைக் கூட்டிச் சராசரி எடுக்க நானே ஒரு புரோகிராம் எழுதி மூன்றாவது பெட்டியில் போட்டிருந்தேன். அந்தச் சனியன் வெறுமையான கட்டத்தைப் பூச்சியம் என்று எடுத்து, இரண்டால் பிரித்து, மிரோஜனைக் கடைசி ஆளாக்கி, மண்டைதீவுச் சுபேசனை முதலாவதாகக் காட்டியது. ரீச்சர் என் காதுக்குள், "சில்வெஸ்ரர் அண்ணை, கணக்குப் பிழைச்சிட்டுது. நான் மிரோஜனுக்குத்தான் எல்லாரிலும் கூடப் புள்ளி போட்டனான். திருத்துங்கோ" என்றா. திருத்தினால் மகனுக்காகத் திருத்தினதென்று சொல்லுவினம், ஏலாது என்று சொல்லிவிட்டேன். சுபேசன் நல்ல பிள்ளை. போன கிழமை கொழும்புக்குப் போய்விட்டான்.

மிரோஜன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் பதில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து, சேர்ட்டைக் கழற்றிக்கொண்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அப்பா, நான் எழுதினதை நீங்கள் பாக்கவே இல்லையோ?"

பிறகு மாமனோடு கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டான். சோறு குசினிக்குள் இருக்கிறதென்று உன் அண்ணி நாய்க்குச் சொல்லுகிறா. நான் விளங்கிக்கொண்டு போய்ச் சாப்பிடுகிறேன்.

எப்படியோ, போட்டி அப்பழுக்கில்லாமல் நடந்ததென்று சங்கத்துக்கு நீ நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். உன் பிள்ளைகளின் தலையில் நான் கை வைத்ததாக நினைத்துக்கொள்.

உன் அண்ணன்,
சில்வெஸ்ரர்

பி.கு.: கடிதத்தை ஒட்ட முன்னம் மிரோஜனிடம் அவன் போட்டியில் எழுதின புரோகிராமைக் காட்டச் சொன்னேன். அன்றைக்கு மண்டபத்தில் கரண்ட் நின்றபோதே அது பெட்டியிலிருந்து அழிந்துபோனதாம். கடலால் வந்த களைப்போடு, நீ அனுப்பினதில் வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கும் பெட்டிக்கு முன்னால் இருந்து, முழுவதையும் திரும்ப அடித்தான். அது ஒரு விளையாட்டு: திரையில் எழுத்துகளால் செய்த ஒரு வள்ளம் அலைகளுக்குள்ளால் நயினாதீவுக்குப் போகிறது. நான் ஓட்டினேன், தம்பி. ஓட்டி ஓட்டிக் கவிழ்த்தேன். கவிழ்க்கிற ஒவ்வொரு தடவையும் அது, இங்கிலிசு எழுத்தில் நல்ல தமிழாக, "திரும்ப ஏறுங்கோ" என்று மட்டும் சொல்லுகிறது. அப்பழுக்கில்லாமல் நடந்ததென்று நான் மேலே எழுதினதைச் சங்கத்துக்குச் சொல்லாதே. போட்டி நியாயமாக நடக்கவில்லை.