முன்னால் போன எண்ணெய்ச் சொட்டு

வீட்டில் ஒருத்தன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்திருந்தால், அந்த வீட்டில் மிக்ஸிகூட ரிப்பேர் ஆகக்கூடாது. ஆகிவிட்டால் உடனே "தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று வந்துவிடுவான். எங்கள் வீட்டில் அவன் நான்தான்.

அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை வெள்ளிமலையிலிருந்து தன் பழைய கறுப்புக் காரில்தான் கூட்டிவர வேண்டும் என்று பெரியப்பாவுக்குப் பிடிவாதம். (காருக்குப் பெரியப்பாவைவிட வயசு ஜாஸ்தி.) சாயங்காலம் கள்ளக்குறிச்சி மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு. மதியமே நானும் பெரியப்பாவும் கிளம்பினோம். மலையடிவாரத்தில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு ஏறினோம்.

பாதி மலையில் மூடுபனி. கூடவே எண்ணெய் கருகும் வாடை. இறங்கிப் பார்த்தால், இன்ஜினின் முன்பக்க மூடி வழியெல்லாம் சொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. மெக்கானிக்குக்குப் போன் போடச் சொன்னார் பெரியப்பா. நான் விடவில்லை. வண்டியின் மூக்கு மேடு பார்த்து நின்றால் எண்ணெய் பின்னால் ஒதுங்கும், முன்னால் அடைப்பது சுலபம் என்று வகுப்பெடுத்தேன். நின்ற இடமோ ஏற்றத்துக்கு நடுவே ஒரு சின்ன இறக்கம்; மூக்கு பள்ளம் பார்த்திருந்தது. வண்டியைத் திருப்பி நிறுத்தி, போல்ட்டுகளை முறுக்கி, பேஸ்ட் அப்பி, புது எண்ணெய் ஊற்றினேன். ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. கெத்தாக ஏறி உட்கார்ந்து கிளப்பினேன்.

பனி இன்னும் இறுகியது. ஒரு பறவைச் சத்தம் இல்லை. ஹெட்லைட் வெளிச்சத்தில், எங்களுக்கு முன்னால், ஈர ரோட்டில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் மினுங்கியது.

"இன்னாடா இது? நமக்கு முன்னாடி எவனோ போய்க்கினு இருக்கான்."

"நம்ப வண்டி ஒழுகறது நின்னுடுச்சி பெரீப்பா. அது வேற வண்டி."

"இந்த மலைல இந்த மாரி வண்டி வேற ஏதுடா?"

வேகம் கூட்டினேன்; சொட்டும் விடாமல் முன்னால் போனது. வளைவுக்கு வளைவு அதே சொட்டு. வண்டி மட்டும் கண்ணில் படவே இல்லை. பெரியப்பா முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். ரொம்ப நேரமாக இறக்கமாகவே இருக்கிறதே என்றார். மலை என்றால் ஏறி இறங்கித்தான் போகும் என்றேன்.

சொட்டு ஓரிடத்தில் நின்றது. அங்கே ரோட்டில் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள். நாலு. எங்கள் சக்கரங்களுக்கு அளவெடுத்த மாதிரி.

பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது பனி விலகியது. எதிரே கள்ளக்குறிச்சிக்குப் போகும் ரோடு, நெல்வயல், ஒரு டீக்கடை.

"டேய்... திருப்புன வண்டிய மறுபடி திருப்புனியா?"

திருப்பவில்லை.

திரும்ப ஏற நேரமில்லை. மாப்பிள்ளை மினி பஸ்ஸில் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. நாங்கள் மண்டபம் போய்ச் சேர்ந்ததும், காரைப் பார்த்த மேளக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அத்தை ஆரத்தியோடு ஓடிவந்தார். கதவைத் திறந்து, மூஞ்சியெல்லாம் கிரீஸோடு நான் இறங்கினேன்.

அன்றைக்கு அடைத்தது இன்றுவரை கசியவில்லை. அதை எங்கள் வீட்டில் ஒருத்தரும் சொல்வதில்லை. எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும் அக்கா வீட்டுக்காரர் மட்டும் சொல்வார்: "நீ முன்னாடி போ மச்சான். நான் சொட்டு பாத்துக்கினே வந்துடறேன்."