ஆதிரையின் ஆய்வுக்கு மூன்று பொன்னாடை

பீலெஃபெல்ட், ஜெர்மனி,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய பெரியண்ணை முருகேசன் அவர்களுக்குத் தம்பி செல்வராசா எழுதுவது. இங்கே நானும் பாலாம்பிகையும் பிள்ளைகளும் அம்பாள் அருளால் சுகம். கனடாவில் நீங்களும் அண்ணியும் உங்கள் முழங்காலும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறோம். தொலைபேசியில் சொன்னால் பாதியில் மறித்துப் பேசுவீர்கள். கடிதத்தை மறிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

போன மார்கழியில் நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "உவள் ஆதிரை அஞ்சு வருசமா என்னத்தைப் படிக்கிறாள்? டெனே பாஷையோ? முப்பது வருசமாக் கனடாவில இருக்கிறன், அந்தச் சனத்தை நான் ஒருநாளும் காணேல்லை. உது சோத்துக்கு உதவுமோ?" என்றீர்கள். அன்று எனக்கும் தெரியாது. இன்று சொல்கிறேன், கேளுங்கள். என் மகள், உங்கள் பெறாமகள் ஆதிரை வெள்ளிக்கிழமை பிற்பகல் முனைவர் ஆகிவிட்டாள்.

இங்கே முனைவர் பட்டம் என்றால் எழுதிக் கொடுத்தது மட்டும் போதாது, மூன்று பேராசிரியர்கள் கேட்கிற கேள்விகளுக்குச் சபையில் நின்று பதில் சொல்ல வேண்டும். "ஆரும் வந்து பாக்கலாம் அப்பா, ஆனா ஒருத்தரும் வாறேல்லை" என்றாள் ஆதிரை. எனக்கு முதல் பாதியே போதும். அழைப்பிதழ் அடித்தேன், பஸ் பிடித்தேன், கோயில் சனம் நாற்பத்து மூன்று பேரை ஏற்றினேன், பாலாம்பிகை இருநூறு ரோல்ஸ் பொரித்தாள், நம்மவர் கலியாணங்களுக்கெல்லாம் வீடியோ எடுக்கிற அம்புறோஸ் இரண்டு கமராவோடும் ஒரு பெரிய லைற்றோடும் வந்தான். வாசலில் காவலாளி குத்துவிளக்கைக் கண்டு நெருப்புக்கு அனுமதியில்லை என்று மறித்துவிட்டார், அதனால் அம்புறோஸ் தன் கைபேசியில் எரிகிற விளக்கின் படம் ஒன்றை எடுத்து மேசையில் நிறுத்தினான், பாலாம்பிகை அதையே கும்பிட்டாள்.

அடுத்ததாக, நம் வழக்கப்படி சபைக்கு முதல் மரியாதை செய்ய வேண்டும் என்று நான் மேடையேறி மூன்று பேராசிரியர்களுக்கும் சரிகைப் பொன்னாடை போர்த்தினேன். சனம் கைதட்டியது. இறங்கி வந்தால், அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்கிற என் மகன் நிஷாந்தன் முகம் வெளிறி இருக்கிறான். "அப்பா, தீர்ப்புச் சொல்ல முதல் நடுவருக்குப் பரிசு குடுத்திட்டியள். இந்த நாட்டில இது லஞ்சம். சோதனையே செல்லாமல் போகும்" என்றான். அண்ணை, பிள்ளையின் ஐந்து வருடத்தை ஐந்து நிமிடத்தில் நானே கெடுத்துவிட்டேனே என்று அழுகை வந்தது. ஆனால் தலைமைப் பேராசிரியை பொன்னாடையைக் கழற்றாமலே, "தொடங்குங்கள்" என்று கையைக் காட்டினார்.

தொடங்கினாள் பாருங்கள். டெனே மொழிகள் உங்கள் வட கனடாவிலும் அலாஸ்காவிலும், தெற்கே அமெரிக்கப் பாலைவனம் வரைக்கும் பேசப்படுகிறவையாம். அவற்றில் 'இரு' என்ற பொருளுள்ள வினைச்சொற்கள் முதலில் தனியாகத்தான் நின்றனவாம், பிறகு மற்ற வினைகளுக்குப் பின்னால் வந்து நின்று, தலைமுறை தலைமுறையாகத் தங்கள் பொருளை இழந்து, ஒரு காரியம் முன்பே நடந்ததா, நடந்தது உறுதியா என்று காட்டுகிற வெறும் குறியாகிவிட்டனவாம். கலியாண வீட்டுக்கு உதவிக்கு வந்த சொந்தக்காரர் போகாமல் தங்கி வீட்டு ஆளாகிவிடுவது போல என்று நான் விளங்கிக்கொண்டேன். "பேசுகிறவர்களுக்கு அந்தப் பழைய பொருள் மனதில் வராதா?" என்று ஒரு பேராசிரியர் மடக்கினார். ஆதிரை நம் சனத்தின் பக்கம் திரும்பி, "உங்களில ஆர் பன்றியிறைச்சி சாப்பிட்டிருக்கிறியள்?" என்று தமிழில் கேட்டாள். ஒரு கையும் உயரவில்லை. கோயில் தலைவர் நிலத்தைப் பார்த்தார். "பாருங்கோ, 'சாப்பிட்டிருக்கிறியள்' எண்டதிலயும் ஒரு 'இரு' இருக்கு. இருந்து சாப்பிட்டனீங்களோ, நிண்டு சாப்பிட்டனீங்களோ எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை. மாட்டுப்பட்டிட்டம் எண்டுதான் யோசிச்சனியள்" என்றாள். அதை அவள் ஜெர்மனில் சொன்னதும் பேராசிரியர்கள் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். வெளியே போய் ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்து, மிகச் சிறப்பாகத் தேறினாள் என்றார்கள். மற்றவர்களுக்கு அரைமணி நேரம் எடுக்குமாம்.

ஆகவே அண்ணை, பொன்னாடையும் ரோல்ஸும் இல்லாமல் இந்த நாட்டில் ஒரு காரியமும் நிறைவேறாது என்பதை நான் நிரூபித்துவிட்டேன். சோற்றுக்கு உதவுமோ என்று இனிக் கேட்காதீர்கள். வருகிற மாசியில் இருந்து அவளுக்குப் பல்கலைக்கழகத்திலேயே வேலை. அண்ணிக்கு எங்கள் அன்பு, உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி.

பணிவுள்ள தம்பி,
செல்வராசா

பி.கு: தபாலில் போடச் சொல்லிக் கொடுத்த கடிதத்தை ஆதிரை வாசித்துவிட்டு, "அப்பா, உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை" என்றாள். உண்மையான சோதனை செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டதாம். அறையில் மொத்தம் ஆறு பேராம், விளக்கும் இல்லை, லைற்றும் இல்லை. "நீங்கள் பொன்னாடையோட வருவியள் எண்டு தெரியும், அதால திகதியை மாத்திச் சொன்னனான். ஆனா நீங்கள் இல்லாமல் அது எனக்கு முடிஞ்ச மாதிரியே இல்லை. அதுதான் பேராசிரியர்மாரைத் திரும்பவும் வரச் சொல்லிக் கேட்டனான்" என்றாள். அண்ணை, ஜெர்மனியில் வெள்ளி மத்தியானத்துக்குப் பிறகு எந்த ராசாவாலும் ஒருவரை வேலைக்குக் கூப்பிட முடியாது. என் மகள் எனக்காக மூன்று பேராசிரியர்களைக் கூப்பிட்டிருக்கிறாள். கடிதத்தில் ஒரு எழுத்தையும் நான் மாற்றவில்லை.