டபுள் பெல்லும் நாற்பத்தெட்டு நாளும்

மதராஸில் டிராம் ஓடிய காலத்தில், டிராமைவிட வேகமாக டிராமுக்குள்ளேயே ஓடிய ஒரே மனிதர் டபுள் பெல்தான். இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்லத் தயார்.

அவருடைய நிஜப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. மயிலாப்பூர் லைனில் கண்டக்டர். ஒற்றை மணி அடித்தால் வண்டி நிற்கும், இரட்டை மணி அடித்தால் புறப்படும். இவர் கயிற்றைப் பிடித்தால் பெரும்பாலும் இரட்டை மணிதான். இறங்குகிறவருக்கு ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலும் இருக்கும்போதே அடித்துவிடுவார்.

அப்பேர்ப்பட்ட அவசரக்காரர் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிதானம் காட்டுவார். ராயப்பேட்டை தாண்டியதும் ஒரு சாராயக்கடை, அதன் வாசலிலேயே ஒரு ஸ்டாப். சாயங்கால டிரிப்பில் அங்கே ஒற்றை மணி அடித்து, "தோ, தொண்டைய நனச்சுக்கினு வந்துர்றேன்" என்று குதித்துவிடுவார். ஆபீஸ் விட்டுப் பசியோடு வந்த நாற்பது பேர் வண்டியில் வெந்துகொண்டிருப்பார்கள். டிரைவர் மீசையை நீவிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். எனக்கு மட்டும் கவலையில்லை. என் வீடு அந்த ஸ்டாப்புக்கு எதிர்ச் சந்தில். அவரோடு நானும் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவேன். குடித்துவிட்டு வந்து அவர் அடித்த கூத்து மறுநாள்தான் தெரியவரும். ஒருநாள் கீரைக்கூடைக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு, கீரைக்காரியை லக்கேஜ் என்று சொல்லி ஓசியில் அழைத்து வந்தாராம்.

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத அந்தச் சமயத்தில், ஒரு மாலை மவுண்ட் ரோட்டில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போது டபுள் பெல் நடுவில் நின்று கத்தினார்:

"அல்லாரும் கேட்டுக்கோங்க! எம் பொஞ்சாதி கொயந்தய தூக்கிக்கினு சிந்தாரிப்பேட்டைக்கு அவங்க ஆத்தா வூட்டுக்குப் பூட்டா. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, நான் சாராயத்த தொடாம இருந்தா வருவாளாம். இல்லாங்காட்டி வரவே மாட்டாளாம். எனுக்கு மனசு கீது. காலுதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேன்னுது. நீங்கதான் நைனா ஒத்தாசை பண்ணணும்."

"என்ன பண்ணணும்கறே?" என்றார் சேஷு மாமா. வக்கீல் குமாஸ்தா. எதையும் எழுத்தில் கேட்கும் ஆசாமி.

"சாங்காலத்துல அந்த ஸ்டாப்புல வண்டி நிக்கக் கூடாது சாமி. ஒருத்தரும் எறங்கக் கூடாது."

சேஷு மாமா அங்கேயே ஓட்டெடுப்பு நடத்தினார். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் என் வீடு எங்கே இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து ராயப்பேட்டை நெருங்கினால் போதும், மனிதர் வண்டிக்குள் முன்னும் பின்னும் ஓட ஆரம்பித்துவிடுவார். உட்கார மாட்டார், நிற்க மாட்டார். ஒரே டிக்கெட்டை ஏழு தடவை கேட்டு ஏழு தடவை ஓட்டை போடுவார். கடை தாண்டும்போது டிரைவர் காலால் மணியை மிதித்துக்கொண்டே பறப்பார். அடுத்த ஸ்டாப்பில் நான் சல்லடையாகிப்போன டிக்கெட்டோடு இறங்கி, அவரை மனதாரத் திட்டிக்கொண்டே வந்த வழியே திரும்பி நடப்பேன்.

மூன்றாம் நாள் அவர் கை நடுங்கத் தொடங்கியது. சேஷு மாமாவுக்கு மனசு தாங்கவில்லை.

"நரம்புத் தளர்ச்சிடாப்பா இது. எங்காத்துல தசமூலாரிஷ்டம் வச்சிண்டிருக்கோம். பிள்ளை பெத்தவாளுக்கே குடுக்கறது. தெனம் ஒரு அவுன்ஸ் சாப்பிடு, சரியாப் போயிடும்."

மறுநாளிலிருந்து மாமா ஒரு பாட்டிலும் அவுன்ஸ் கிளாஸும் கொண்டுவந்தார். மருந்து அற்புதமாக வேலை செய்தது. நடுக்கம் நின்றது. இரண்டாவது வாரம் டபுள் பெல் இரண்டு அவுன்ஸ் கேட்டார். மூன்றாவது வாரம் பாட ஆரம்பித்தார். "ஆயுர்வேதம்னா ஆயுர்வேதம்தான் ஓய்" என்று மாமா என் தொடையில் தட்டினார்.

முப்பத்தோராம் நாள், வழக்கமாக முன்பக்கம் உட்காரும் அத்தர் வியாபாரி பாய் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மாமா பாட்டிலைத் திறந்தார். பாயின் மூக்கு விடைத்துக்கொண்டது.

"அரே! மாமா, அதக் கொஞ்சம் இப்படிக் குடுங்க." கண்ணை மூடி முகர்ந்தார். "மேல மருந்து வாசனதான். அதுக்கு அடியில சாராய நெடி இருக்கு. முப்பது வருஷமா இந்த மூக்காலதான் சோறு சாப்பிடறேன். எனக்குத் தெரியாதா?"

மாமாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அரிஷ்டம் புளித்துத்தான் அரிஷ்டமாகிறது என்பது, சோடாகூடக் குடித்தறியாத மனிதருக்கு எப்படித் தெரியும்? "சிவ சிவா! என் கையாலயா ஊத்திக் குடுத்தேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த நிமிஷமே வக்கீல் குமாஸ்தா விழித்துக்கொண்டார். "மருந்துன்னு நெனச்சுண்டு சாப்பிட்டது குடியாகாது. தெரியாமப் பண்ணினது குத்தமில்லை. முப்பத்தோரு நாளும் செல்லும்!"

செல்லும், செல்லும் என்று வண்டியே கூவியது. டபுள் பெல் மட்டும் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"செல்லாது சாமி. மொத அவுன்சுலயே எனுக்குத் தெர்ஞ்சு போச்சு. தெர்ஞ்சுக்கினுதான் குட்ச்சேன். நீங்க ஆசையா ஊத்திக் குடுக்கசொல்லோ வோணாம்னு வாய் வர்ல."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. முப்பது நாள் நடந்த கால் என்னுடையது! வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவர் முகம் கண்ணில் பட்டது. கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் தோன்றாமல், "நாளைக்கு ஒண்ணாம் நாளு" என்றார்.

மறுநாள் காலை சேஷு மாமா, "பாவம் என்னோடது" என்று சொல்லிவிட்டுச் சிந்தாதிரிப்பேட்டைக்குக் கிளம்பினார். சாட்சிக்கு அந்த பாட்டிலையும் எடுத்துப் போனார்.

அன்று மாலை மவுண்ட் ரோட்டில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். டபுள் பெல் அப்படியே கல்லாகிவிட்டார். அவள் அவரைப் பார்க்காமல் எங்களிடம் பேசினாள்.

"ஐயரு வந்து அல்லாம் சொன்னாரு. பத்து வருசமா 'நான் குடிக்கல, குடிக்கல'ன்னு பொய் சொல்லிக்கினு கீற மன்சன். குட்ச்சேன்னு தன் வாயால சொன்னது இதான் மொத தபா." அப்புறம் அவர் பக்கம் திரும்பினாள். "நாப்பத்தெட்டு நாளும் இந்த வண்டில நான் வருவேன். வூட்டுக்கு வர்றத அப்பால பாத்துக்கலாம். டிக்கெட்டு குடு."

இந்தத் தடவை அரிஷ்டம் இல்லை. அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருநாள் கம்பியை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, காலால் தரையை உதைத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் பாய் உரக்க, "பத்து!" என்றார். அன்று பத்தாம் நாள். நாங்களும் கத்தினோம். அதிலிருந்து கடையைத் தாண்டும்போதெல்லாம் வண்டி முழுக்க நாள் கணக்கைக் கூவுவது வழக்கமாகிவிட்டது. கடைக்காரரே வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்.

நாற்பத்தெட்டு என்று கூவிய அன்று எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். அவள் குழந்தையோடு மயிலாப்பூர்வரை வந்து, அவரோடு வீட்டுக்குப் போனாளாம்.

நாற்பத்தொன்பதாம் நாள் மாலை, அந்தக் கடை வாசல் ஸ்டாப்பில் டபுள் பெல் ஒற்றை மணி அடித்தார். வண்டி நின்றது. எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. அவர் கடைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக என்னிடம் வந்தார்.

"எறங்குங்க சார். உங்க வூட்டுப் பக்கம். தெனம் திரும்பி நடந்து போனத பாத்துக்கினுதான் இருந்தேன்."

வெளியே என் சந்து தெரிந்தது. பசியான பசி. எழுந்திருக்கத்தான் பார்த்தேன், மனசு வரவில்லை.

"மணியை அடிப்பா. அடுத்த ஸ்டாப்புக்கு வரேன்" என்றேன். இன்னும் கொஞ்ச தூரம் அவரோடு போகவேண்டும் போல இருந்தது.