நாலாவது டிஸ்க்

லிப்ட் மெக்கானிக் செத்துப்போவது என்று முடிவு செய்துவிட்டார். ஆபரேஷனுக்குப் பயந்துதான்.

பன்னிரண்டாவது மாடியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடுகிற மனுஷர் அவர். ஆனால் ஊசியைக் கண்டால் உயிர் போய்விடும். நெஞ்சு வலிக்கிறதே என்று வீட்டுக்குத் தெரியாமல் போய்ச் சோதித்துக்கொண்டதில், இதயக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு என்றார் டாக்டர். "இந்த மாசத்துக்குள்ள பண்ணியாகணும். தள்ளிப்போட்டா நான் பொறுப்பில்லை." அட்மிஷனுக்கு ஒரு தேதியையும், இதயத்தைப் படம் பிடித்த டிஸ்க் ஒன்றையும் கொடுத்தனுப்பினார்.

யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று மெக்கானிக் சபதம் எடுத்தார். மனைவியிடம் சொன்னால் அன்றைக்கே தரதரவென்று இழுத்துப்போய் ஆபரேஷன் மேஜையில் படுக்கவைத்துவிடுவாள். டிஸ்க்கைத் தூக்கி எறியவும் மனசு வரவில்லை. என்ன இருந்தாலும் சொந்த இதயம்.

ஒளித்துவைக்க ஒரு நல்ல இடம் கிடைத்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் வந்த விஞ்ஞானப் படம் ஒன்று, அந்த வாரம்தான் விசேஷப் பதிப்பாக, தகரப் பெட்டியில் நான்கு டிஸ்க்காக வீட்டுக்கு வந்திருந்தது. கதாநாயகன் தினமும் முந்தின நாளில் கண் விழிப்பான். கடைசியில் பிழைத்தானா, செத்தானா, ஒருத்தருக்கும் புரியவில்லை. மெக்கானிக்குக்குப் பதினோரு தடவை பார்த்தும் புரியவில்லை. புரிந்ததாக எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். நாலாவது டிஸ்க்கில் டைரக்டரே முடிவை விளக்குகிறாராம். மனைவிக்கோ அந்தப் படத்தின் பேச்சை எடுத்தாலே ஒற்றைத் தலைவலி. பெட்டியைத் துடைக்கக்கூட மாட்டாள். உள்ளே இருந்த புத்தகத்தின் நடுவில் தன் இதயத்தைச் செருகிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள்.

"நாலாவது டிஸ்க்கை இன்னும் பாக்கலையே நீங்க? உக்காருங்க, நானே போட்டு விடறேன்."

அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு உபசாரம் நடந்ததாகச் சரித்திரமே இல்லை.

திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்தது. கறுப்பாக ஒன்று கிளைகிளையாகப் பரவியது. மறைந்தது. மறுபடி பரவியது. வசனம் இல்லை, இசை இல்லை.

"ஆகா!" மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுதாண்டி கலை!"

"என்னங்க இது?"

"காலம்! காலத்தை மரமாக் காட்டறார்."

"அந்தக் கிளை நடுவுல நூலாட்டம் இளைச்சுக் கிடக்கே?"

"அங்கதான் கதையோட முடிச்சே. கதாநாயகனுக்கு நேரம் முடியப்போகுதுன்னு அர்த்தம்."

"ஐயோ பாவம். அது அவனுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். தெரிஞ்சும் கண்ணை மூடிக்கிட்டுத் திரியறான்."

"அப்ப அவன் என்ன பண்ணணும்?"

"உடனே ஏதாவது பண்ணணும்! தேஞ்ச கம்பியை மாத்தாம எவனாவது லிப்ட் ஓட்டுவானா? அவனை மாதிரி மடையன் உலகத்துலயே கிடையாது!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல்கூட இத்தனை விளக்கமாகக் கெட்டதில்லை.

"அது சரி," என்றாள் மனைவி. "மூலையில உங்க பேரு போட்டிருக்கே. வயசு அம்பத்தொண்ணுன்னு வேற. நீங்க எப்ப நடிச்சீங்க?"

மெக்கானிக் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். போட்டிருந்தது.

"அட்மிஷனுக்கு ஏன் வரலைன்னு வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துது. நேரா இந்தப் பெட்டியைத்தான் திறந்தேன். ஒளிச்சுவைக்க உங்களுக்கு வேற எடம் ஏது?" அவள் குரல் உடைந்தது. "மூச்சு வருதா வருதான்னு மூணு நாளாத் தூங்காம பாத்துட்டுக் கிடக்கேன். நீங்க என்னடான்னா நெஞ்சைப் புத்தகத்துக்கு நடுவுல மயிலிறகாட்டம் சொருகி வெச்சிருக்கீங்க."

"பயமா இருக்குடி."

"எனக்கு மட்டும் என்ன, குளுகுளுன்னா இருக்கு?"

திரையில் அந்த இதயம் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் காலைல அட்மிஷன்," என்றாள். "உங்க வேலைக்கு லீவு சொல்லியாச்சு. துணிமணி எடுத்து வெச்சாச்சு."

மெக்கானிக்கிடம் இன்னும் ஒரே ஒரு தந்திரம் மிச்சமிருந்தது. டைரக்டரின் விளக்கத்தைக் கேட்டுவிட்டால் இந்த உலகத்தில் அவருக்கு வேறு ஆசை பாக்கியில்லை. அப்புறம் யார் இழுத்தாலும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடப்பதாகத் திட்டம்.

"சரி, வரேன். நிஜமான நாலாவது டிஸ்க்கை மட்டும் இப்பப் போடு. நாளைக்கு எனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, இருபது வருஷம் காத்திருந்தது வீணாப் போயிடும்ல?"

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மெக்கானிக் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

"அது வீட்டுல இல்லீங்க," என்றாள். "நேத்தே டாக்டர்கிட்ட குடுத்துட்டேன். ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சு, நீங்களே அவர்கிட்டக் கேட்டு வாங்கிக்குங்க."